முதுகுவலிக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல்லில் இருபத்திரண்டு வருடமாக இயன்முறை சிகிச்சை செய்துவருகிறேன். இளவட்டங்களுக்கு நான் பிசியோ மேடம், பெரியவர்களுக்கு அம்மணி. லாரி ஓட்டுகிறவர்கள், போர்வெல் வண்டியில் குழாய் தூக்குகிறவர்கள், கோழிப்பண்ணையில் தீவன மூட்டை சுமக்கிறவர்கள் என்று இடுப்பை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பாதிப் பேர், எம்.ஆர்.ஐ. படம் வைத்த பெரிய உறையோடு நேராக என் வாசலில் வந்து இறங்குகிறார்கள். அங்கே கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள் இங்கே வந்து கொட்டும். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுதான் இதை எழுதி வைத்தேன்.

நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று நேரில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இங்கே முதுகு என்று சொல்வதெல்லாம் இடுப்புப் பகுதியைத்தான். கழுத்து வேறு கணக்கு.

ஆபரேஷன் என்றால் உள்ளே என்னதான் செய்வார்கள்?

இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு மெத்தை. நாம் ஜவ்வு என்கிறோம், டாக்டர் டிஸ்க் என்கிறார். வெளியே நார் வளையம், உள்ளே கொழகொழப்பான பொருள். நார் கிழிந்து உள்ளே இருப்பது பின்பக்கம் பிதுங்கினால், காலுக்கு இறங்கும் நரம்பின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, முழு டிஸ்க்கும் எங்கேயும் நழுவிப் போவதில்லை. பெரும்பாலும் இது கடைசி இரண்டு அடுக்குகளில் நடக்கிறது. ரிப்போர்ட்டில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று இருப்பது அந்த இடங்கள்தான்.

ஆபரேஷன் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது. அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் 1934இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை இது. இன்னொன்று, நரம்பு போகும் பாதை குறுகிப்போயிருந்தால் எலும்பையும் தடித்த நாரையும் கொஞ்சம் செதுக்கி இடம் விடுவது. மூன்றாவது, ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இரண்டு எலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பது. ‘எனக்கு ஆபரேஷன் சொல்லிவிட்டார்’ என்று வருகிறவரிடம் எந்த ஆபரேஷன் என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். மூன்றுக்கும் பலன் வேறு, ஆபத்து வேறு, பில்லும் வேறு.

முதுகு வலிக்கிறது என்று வந்தால், கால் எப்படி இருக்கிறது என்றே ஏன் கேட்கிறீர்கள்?

ஆபரேஷன் உதவுமா உதவாதா என்பதற்குப் பாதிப் பதில் காலில் இருக்கிறது. வருகிறவரிடம் வலி எங்கே என்று கையால் காட்டச் சொல்வேன். சிலர் ஒரு விரலை எடுத்துப் புட்டத்தில் வைத்து, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதம், பெருவிரல் என்று ஒரு கோடு இழுப்பார்கள். வேறு சிலர் உள்ளங்கையை இடுப்பின் குறுக்கே வைத்து ‘இங்கே, இப்படியே எல்லாம்’ என்று தடவிக் காட்டுவார்கள். இந்தப் பக்கம் முழுவதும் இவர்களை விரல்காரர், உள்ளங்கைக்காரர் என்றே சொல்லப்போகிறேன்.

விரல்காரருடைய வலி நரம்பு வலி. சயாட்டிகா என்று சொல்வது இதைத்தான். சுண்டி இழுக்கும், தும்மினால் மின்சாரம் தாக்கியது போல் பாயும். நரம்பை எது அழுத்துகிறது என்று தெரிந்து, அதை எடுத்துவிட்டால், வலி குறைய நல்ல வாய்ப்பு உண்டு. உள்ளங்கைக்காரருடைய வலி தசை, மூட்டு, டிஸ்க், தூக்கமின்மை, மனக்கவலை என்று பல இடங்களிலிருந்து வந்து சேர்வது. வெட்டி எடுக்க அங்கே ஒரு துண்டு கிடையாது. இரண்டும் கலந்து இருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் ‘கால் வலி மட்டும் போய், முதுகு வலி அப்படியே இருந்தால் பரவாயில்லையா?’ என்று கேட்பேன். ‘போதும், அதுவே போதும்’ என்று சொல்கிறவர் ஒரு ரகம். ‘அப்புறம் எதற்கு ஆபரேஷன்?’ என்கிறவர் இன்னொரு ரகம்.

எம்.ஆர்.ஐ.யில் மூன்று இடத்தில் ஜவ்வு விலகியிருக்கிறது என்று போட்டிருக்கிறது. இதற்கு மேலும் யோசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அதில் 52 சதவீதம் பேருக்கு ஓர் இடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. 2015இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். தலை நரைப்பது மாதிரிதான். உள்ளே நடப்பதால் கண்ணாடியில் தெரிவதில்லை.

ஆகவே படத்தைத் தனியாகப் படிக்கக் கூடாது. படத்தில் இடது பக்கம் எல்5 நரம்பு அழுந்தியிருக்கிறது, வலியும் இடது காலில் அதே நரம்பு ஓடும் தடத்தில் இருக்கிறது, காலைத் தூக்கிச் சோதிக்கும்போதும் அதே வலி கிளம்புகிறது என்றால் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன. வலி வலது காலில் இருந்து, படம் இடது பக்கத்தைக் காட்டினால், அந்தப் படத்தை நம்பிக் கத்தி வைக்கக் கூடாது. ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘ஆபரேஷன் தேவையா?’ என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் இதுதான்.

யோசிக்கவே நேரமில்லாமல் ஓட வேண்டிய நிலை என்று ஏதாவது உண்டா?

உண்டு. சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போவது. ஒன்றுக்கு வருவது தெரியாமல் போவது, முக்கினாலும் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தானாகக் கசிவது. மலம் அடக்க முடியாமல் போவது. இரண்டு கால்களும் சேர்ந்து பலமிழப்பது. தண்டுவடத்துக்குக் கீழே குதிரைவால் போலக் கொத்தாகத் தொங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்கும்போது இப்படி ஆகும். இது மணிக்கணக்கில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். பொதுவாக 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்பார்கள். அதற்கும் முன்னால் என்றால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை இரவு இப்படி ஆனால் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருந்து, சிறுநீர்க் குழாயோடு வாழ்கிறவரை எனக்குத் தெரியும்.

கால் பலம் குறைந்துகொண்டே போவதும் அவசரம்தான். இதைப் பலர் தாங்களாகக் கவனிப்பதில்லை. ஓட்டுநர் ஒருவர் பஸ் படியில் ஏறி உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, நடத்துநர் அவருடைய ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்து வந்து கொடுத்திருக்கிறார். செருப்பு கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. என் அறையில் குதிகாலில் நடக்கச் சொன்னேன். வலது பாதம் தரையோடு தொப்பென்று விழுந்தது. அன்றே அனுப்பிவைத்தேன். குதிகாலில் பத்தடி, நுனிக்காலில் பத்தடி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் முடியவில்லை என்றால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை தள்ளாதீர்கள்.

மாலையில் காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவை இருந்தால் இது சாதாரண ஜவ்வு வலி அல்ல என்று சந்தேகப்பட வேண்டும். நம் நாட்டில் எலும்புக் காசநோயை மறக்கவே கூடாது. அதற்குக்கூடப் பெரும்பாலும் மாத்திரையே போதும். சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையம் அதைப் பல வருடங்களுக்கு முன்பே ஆய்வு செய்து காட்டியிருக்கிறது.

பிதுங்கிய ஜவ்வு தானாக உள்ளே போய்விடுமா?

உள்ளே போகாது, கரைந்துபோகும். வெளியே வந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பெரிதாகப் பிய்ந்து வெளியே வந்த துண்டுதான் நன்றாகக் கரைகிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், முழுதாகத் துண்டாகிப் பிரிந்தவற்றில் 96 சதவீதமும், நாரைக் கிழித்து வெளியே வந்தவற்றில் 70 சதவீதமும் சுருங்கியிருந்தன. லேசாக உப்பியவற்றில் 13 சதவீதம் மட்டுமே. ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் சொல் இருந்தாலே கத்திதான் என்று முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது?

மேலே சொன்ன அவசர நிலை எதுவும் இல்லாத விரல்காரருக்கு, குறைந்தது ஆறு வாரம். சயாட்டிகாவில் பெரும்பாலோருக்கு அதற்குள்ளேயே வலி இறங்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகும் இறங்கவில்லை என்றால்?

இதே கேள்வியை நெதர்லாந்தில் கேட்டுப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கால் வலியில் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறு பாதிக்கு மருந்தும் பொறுமையும். ஆபரேஷன் பக்கம் வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் முடிந்தபோது இரு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் நடுவே தாங்க முடியாமல் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் அந்த வரியை விழுங்கிவிடுகிறார்கள். நார்வேயில் ஹென்ரிக் வெபர் என்பவர் 126 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 1983இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: முதல் வருடம் ஆபரேஷன் செய்தவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள், நான்கு வருடத்தில் இடைவெளி சுருங்கியது, பத்தாவது வருடம் வித்தியாசமே இல்லை.

ஆகவே விரல்காரர் ஆபரேஷனில் வாங்குவது பெரும்பாலும் நேரத்தை. அந்த நேரத்தின் விலை ஆளுக்கு ஆள் வேறு. தினக்கூலிக்காரருக்கு மூன்று மாதம் படுத்தால் அடுப்பு எரியாது. சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கிற அலுவலகக்காரர் பொறுத்துப் பார்க்கலாம். இருவரும் வேறு வேறு முடிவு எடுத்தால் இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

அதுவரை படுத்தே இருக்க வேண்டுமா? பெல்ட், கரண்ட் வைத்தல் எல்லாம் தொடரலாமா?

படுக்காதீர்கள். 1995இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் பார்த்தார்கள். திடீர் முதுகுவலிக்கு இரண்டு நாள் படுத்தவர்களைவிட, முடிந்த வரை வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். வலி உச்சத்தில் ஒரு நாள் அரை நாள் படுத்தால் குற்றமில்லை. அதற்கு மேல் படுத்தால் தசை இளகி, பயமும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்ததை எழுதக் கொஞ்சம் சங்கடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்துக் கட்டும் இழுவை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் என்னும் மின் தூண்டல் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய விளக்கத்தையும் கொடுங்கள் என்றது. அந்த இயந்திரங்களெல்லாம் என் அறையில் இருக்கின்றன. முதல் பத்து வருடம் நானும் ‘பத்து நாள் கரண்ட் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னவள்தான். இப்போது பயிற்சி சொல்லித்தருகிறேன்; ‘மேடம் மிஷின் வைப்பதே இல்லை’ என்று கோபித்துக்கொண்டு வேறு இடம் போகிறவர்களும் இருக்கிறார்கள். ‘பிசியோ செய்தும் கேட்கவில்லை, அதனால் ஆபரேஷன்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பிசியோவில் வியர்வை வந்ததா என்று கேட்பேன். குப்புறப் படுத்து இயந்திரம் வைத்துக்கொண்டது மட்டும் என்றால், பிசியோ இன்னும் தொடங்கவே இல்லை.

மாத்திரையில், நரம்பு வலிக்கென்று கொடுக்கும் ப்ரீகாபாலின் நம் பக்கம் எல்லா மருந்துச் சீட்டிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், சயாட்டிகாவுக்கு அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட உதவவில்லை; தலைச்சுற்றல்தான் அதிகமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வேறு தொந்தரவு வரும். எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டால் ஆபரேஷனைத் தவிர்க்கலாம் என்கிறார்களே?

நரம்பின் அருகே ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவது அது. விரல்காரருக்குச் சில வாரங்கள் ஓரளவு ஆறுதல் தரும். அந்த வாரங்களில் துண்டு கரையத் தொடங்கிவிட்டால் நல்ல காலம். வலி தாங்கவில்லை, கத்தியும் வேண்டாம் என்கிறவருக்கு இடைவெளியைக் கடக்க ஒரு பாலம். உள்ளங்கைக்காரருக்கு இதில் பெரிய பலனில்லை. சர்க்கரை இருப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை எகிறும்.

ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

இந்த பயத்தால் செய்துகொள்ள வேண்டியவர்களே செய்துகொள்ளாமல் இருக்கிறார்கள். தண்டுவடம் என்பது முதல், இரண்டாம் இடுப்பு எலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஜவ்வு ஆபரேஷன் பெரும்பாலும் நடக்கும் நான்காவது, ஐந்தாவது எலும்புப் பகுதியில் தண்டுவடமே இல்லை. தனித்தனி நரம்புகள்தான் இறங்குகின்றன. ஒரு நரம்பு பாதிக்கப்படலாம், அதுவும் அரிது. இரண்டு கால்களும் விழுந்துபோவது மிக மிக அரிது. ஊரில் ‘ஆபரேஷன் செய்து கால் போனது’ என்று சொல்லப்படுகிறவர்களில் சிலருக்கு, தாமதமாகப் போனதால் முன்பே போன கால் திரும்பவில்லை என்பதே நடந்திருக்கும்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசிவது நூற்றில் சுமார் நான்கு பேருக்கு நடக்கும். பெரும்பாலும் அங்கேயே தைத்துச் சரிசெய்துவிடுவார்கள். சீழ் பிடிப்பது உண்டு, சர்க்கரைக்காரர்களுக்குக் கூடுதலாக. எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்குவதும் உண்டு. மயக்க மருந்துக்கு இதயமும் நுரையீரலும் தாங்க வேண்டும்.

எனக்குக் கால் வலியே கிடையாது. ஐந்து வருடமாக நடு இடுப்புதான். ஸ்க்ரூ வைத்தால் போய்விடும் என்கிறார்கள். வைத்துக்கொள்ளவா?

நீங்கள் உள்ளங்கைக்காரர். இங்கேதான் நான் மிகவும் தயங்குவேன்.

ஸ்வீடனில் 294 பேரிடம் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பை ஒட்டவைத்தவர்களில் 63 சதவீதம் பேர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், வழக்கமான பிசியோ பார்த்தவர்களில் 29 சதவீதம். ஸ்க்ரூ ஆதரவாளர்கள் இதைக் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பிசியோ, அவர்கள் பல காலம் பார்த்துச் சலித்த அதே பிசியோ. நார்வே (2003), பிரிட்டன் (2005) ஆய்வுகளில் ஆபரேஷனோடு ஒப்பிட்டது வேறு: வாரக்கணக்கில் தினமும் பல மணி நேரம் பயிற்சி, கூடவே வலியைக் கண்டு பயப்படாமல் குனிந்து நிமிர மனதைப் பழக்குவது. நார்வேயில் வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்டனில் 349 பேரைப் பார்த்துவிட்டு, ஆபரேஷனே மேல் என்று சொல்லத் தெளிவான ஆதாரமில்லை என்று முடித்தார்கள்.

இரண்டு எலும்புகளை ஒட்டிவிட்டால் அந்த அசைவின் சுமை மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் மேல் விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இப்படி வெறும் இடுப்பு வலிக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்க்ரூ வைத்துக்கொண்ட லாரி ஓட்டுநர் ஒருவர், வண்டியை விற்றுப் பணம் கட்டினார். வலி பாதி குறைந்தது, வண்டி முழுதாகப் போனது. எலும்பு நழுவி நிற்பது, முறிவு, கட்டி, சீழ் என்று தெளிவான காரணம் இருந்தால் ஸ்க்ரூ வேறு கதை. அங்கே அது அவசியமாகவே இருக்கலாம். ‘தேய்மானம்’ என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் என்றால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. தெருமுனை டீக்கடை வரை நடக்க முடியவில்லை, ஆனால் சைக்கிளில் பக்கத்து ஊர் போய்வருகிறார். நடிக்கிறாரா?

பாவம், நடிக்கவில்லை. நரம்புப் பாதை குறுகிப்போனவர்களின் தனி அடையாளம் அது. நிமிர்ந்து நடந்தால் பாதை இன்னும் குறுகிக் கால் கனக்கும், மரத்துப்போகும். குனிந்தால் பாதை விரியும். சைக்கிளில் குனிந்துதான் உட்காருகிறோம். நடக்கும்போது நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்பார்கள். காலுக்கு இரத்தம் போகும் குழாய் அடைத்தாலும் நடந்தால் வலிக்கும். ஆனால் அவர்களுக்கு நின்றாலே போதும், குனியத் தேவையில்லை, சைக்கிளிலும் வலிக்கும். புகைப்பிடிக்கிறவர் என்றால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த வகைக்கு அவசரம் பொதுவாக இல்லை. பல வருடம் அப்படியே நிற்கும். நடக்கும் தூரம் மாதாமாதம் சுருங்கினால், இடம் விடும் ஆபரேஷன், அதாவது முதல் கேள்வியில் சொன்ன இரண்டாவது வகை, நல்ல பலன் தருவதுண்டு. கூடவே ஸ்க்ரூவும் என்றால் ஏன் என்று கேளுங்கள். ஸ்வீடனில் 247 பேரிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்க்ரூ சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

சிசேரியன் சமயத்தில் முதுகில் போட்ட ஊசியால்தான் இந்த வலி. அதை எப்படிச் சரிசெய்வது?

அந்த ஊசி காரணமில்லை. குத்திய இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும், தூக்கம் இருக்காது, குழந்தையை ஒரே இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் குடம் தூக்குவீர்கள். ஊசியைத் திட்டிக்கொண்டே இருந்தால் பயிற்சி தொடங்காது.

வர்மம், எண்ணெய்க் கட்டு, சுளுக்கு எடுப்பது இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

இதமாக எண்ணெய் தடவி நீவிவிடுவதில் கெடுதல் இல்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவர் கையால் நீவிக்கொண்டு வந்தாலும் நான் சண்டை போட மாட்டேன். ஆறு வாரத்தில் தானாக இறங்கும் வலி யார் கை பட்டதோ அவர் கணக்கில் சேரும், அவ்வளவே. ஆனால் மிதிப்பது, இடுப்பை முறுக்கி ‘டக்’ என்று ஒலி வரவைப்பது வேண்டாம். கால் பலம் குறைந்தவரும், எலும்பு மெலிந்த வயதான பெண்களும் கிட்டேயே போகக் கூடாது.

லேசர், துளை ஆபரேஷன், ஒரே நாளில் வீடு என்று விளம்பரம் வருகிறது. அதுதான் நல்லதா?

துளை சிறிது என்றால் தசை குறைவாகச் சேதமாகும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். அது உண்மை. எண்டோஸ்கோப் வழியாகவும், மைக்ரோஸ்கோப் வைத்துச் சிறு கீறல் வழியாகவும் நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் தேவையா என்ற கேள்விக்குத் துளையின் அளவு பதில் ஆகாது. தேவையில்லாத ஆபரேஷனைச் சிறு துளையில் செய்தாலும் அது தேவையில்லாததுதான்.

ஒரு டாக்டர் உடனே செய் என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எந்த நரம்புக்காகச் செய்கிறீர்கள்? என் வலியும் படமும் சோதனையும் ஒத்துப்போகின்றனவா? கால் வலிக்கா, முதுகு வலிக்கா? செய்யாமல் மூன்று மாதம் இருந்தால் எனக்கு என்ன கெடுதல்? ஸ்க்ரூ உண்டா, உண்டு என்றால் ஏன்? சீட்டில் எழுதிக்கொண்டே போங்கள். அறைக்குள் போனால் எல்லாம் மறந்துவிடும். கேள்விக்குக் கோபப்படாமல் படத்தில் விரல் வைத்துக் காட்டுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். ‘செய்யாவிட்டால் படுத்த படுக்கைதான்’ என்று அவசர நிலை எதுவும் இல்லாதவரிடம் சொல்கிறவரிடம் குறைவு.

செலவு? காப்பீட்டில் வருமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் ஆபரேஷன் அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளையும் நினைவில் வையுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். அவசரமில்லாதவருக்குக் காத்திருப்பதே சிகிச்சையின் பாதி என்று மேலே பார்த்தோம்.

தனியார் பாலிசி என்றால், பலவற்றில் டிஸ்க் தொடர்பான சிகிச்சைக்கு முதல் இரண்டு வருடம் பணம் தர மாட்டார்கள். வலி வந்த பிறகு பாலிசி எடுத்துவிட்டு வந்து ஏமாந்தவர்கள் நிறைய.

செய்துகொண்டால் எப்போது வண்டி ஓட்டலாம், மூட்டை தூக்கலாம்?

துண்டை மட்டும் எடுத்தவரைப் பெரும்பாலும் மறுநாளே நடக்க வைப்பார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குச் சில வாரங்களில் போகலாம். லாரிக்கும் மூட்டைக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். டாக்டர் சொல்லும் கணக்கே இறுதி. ஸ்க்ரூ வைத்தவருக்கு எலும்பு ஒட்ட மாதக்கணக்கு. பீடி, சிகரெட் பிடித்தால் எலும்பு ஒட்டுவது தள்ளிப்போகும், ஒட்டாமலே போகவும் கூடும். ஸ்க்ரூவுக்குச் சம்மதித்துவிட்டுப் பீடிக்குச் சம்மதிக்காதவர்களை வருடத்துக்கு நாலு பேர் பார்க்கிறேன்.

ஆபரேஷன் செய்து எட்டு மாதம் நன்றாக இருந்தேன். வலி திரும்பிவிட்டது. மறுபடி செய்ய வேண்டும் என்கிறார்கள்.

முதலில், அதே வலியா, புது வலியா? அதே கால், அதே கோடு என்றால் மிச்சம் இருந்தது மறுபடி பிதுங்கியிருக்கலாம். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி ஆகிறது. மருந்துக் கலவை செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அது புதுப் பிதுக்கமா, தழும்பா என்று பிரித்துப் பார்க்கலாம். பிதுக்கம் என்றால், முதல் தடவைக்குச் சொன்ன அதே கணக்கு: அவசர நிலை உண்டா, ஆறு வாரம், பிறகு முடிவு. தழும்பு என்றால் மறுபடி கத்தி வைத்து அதிகம் கிடைக்காது. வெட்டினால் தழும்பு இன்னும்தான் வளரும். விரல்காரராகப் போய் உள்ளங்கைக்காரராகத் திரும்பியிருந்தால், ஆபரேஷன் தன் வேலையைச் செய்துவிட்டது என்றே அர்த்தம். மிச்சம் பயிற்சியின் வேலை.

அப்பாவுக்கு நரம்புப் பாதை சுருங்கியிருக்கிறது. நாங்கள் மூன்று பிள்ளைகளும் மூன்று விதமாகச் சொல்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?

அவரைக் கேட்டீர்களா? இப்படி ஒரு குடும்பம் வந்தது. மூத்தவர் செலவைப் பற்றி, நடுப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து போனில், இளையவர் ‘செய்துதான் ஆக வேண்டும்’ என்று. பெரியவர் மேசையில் படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘உங்களுக்கு என்ன வேண்டும் ஐயா?’ என்று கேட்டேன். ‘சனிக்கிழமைச் சந்தைக்கு நானே நடந்து போய்வந்தால் போதும், அம்மணி’ என்றார். வீட்டிலிருந்து சந்தை அரைக் கிலோமீட்டர் இருக்கும்.

இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தோம். பிள்ளையார் கோவில் திண்ணை, உரக்கடை பெஞ்ச், சந்தை வாசல் கல் என்று மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்விட்டு வந்தார். மூன்று இடத்திலும் பேச ஆள் இருப்பதால் சிரமமாகவே தெரியவில்லை என்றார். கத்தி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதே தெருவில் அதே வயதுக்காரர் ஒருவர், கிட்டத்தட்ட அதே படம், போன வருடம் ஆபரேஷன் செய்துகொண்டார். அவருக்கு மூன்று ஏக்கர் மரவள்ளி இருந்தது, வரப்பில் உட்காரத் திண்ணை இல்லை.